முகம் தெரியாத ஊருக்குச் சரக்கு அனுப்புதல்: வெளிநாட்டு வணிகத்தில் புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பேரணாம்பட்டில் தோல் வாங்கி விற்கும் ஒருவர், சென்னைப் பெரியமேட்டுக் கடைக்காரருக்கு ஒரு லாரிச் சரக்கை வெறும் துண்டுச்சீட்டை நம்பி அனுப்பிவிடுவார். பணம் வரவில்லை என்றால் மறுநாள் காலையில் ரயிலேறிக் கடைவாசலில் போய் நிற்கலாம்; கடைக்காரரின் அண்ணனையும் சம்பந்தியையும்கூட அவருக்குத் தெரிந்திருக்கும். அதே சரக்கு ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போகும்போது வாங்குபவரின் முகம் தெரியாது, போய் நிற்க வாசலும் கிடையாது. அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்காகத்தான் வங்கி, காப்பீடு, சுங்கம், தரச்சான்று, ஒப்பந்தம் என்று இத்தனை தாள்கள் பிறந்திருக்கின்றன. ஒரு தாளின் பயன் புரியாதபோதெல்லாம், யார் யாரை நம்ப முடியாத நிலையில் இது எழுதப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஆகவே எடுத்துக்காட்டுகள் தோலையும் ஷூவையும் சுற்றியே வரும். குடியாத்தத்து லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும்கூடப் படிகள் ஏறக்குறைய இவைதான்.

முதல் படி: எதற்காகப் போகிறோம் என்று எழுதி வைப்பது

'டாலரில் வருமானம் வரும்' என்பது போதுமான காரணம் ஆகாது. நிறுவனங்கள் எல்லை தாண்டுவதற்கு நான்கு நோக்கங்களைச் சொல்வார்கள்: புதிய சந்தை, மூலப்பொருள், குறைந்த செலவு, தம்மிடம் இல்லாத திறமை அல்லது பெயர். பழைய வடஆற்காட்டுக்குள்ளேயே இவற்றுக்குச் சான்று இருக்கிறது. டாடா மோட்டார்ஸ் 2008இல் ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கியது. தன்னிடம் இல்லாத பெயரையும் தொழில்நுட்பத்தையும் விலை கொடுத்து வாங்கிய செயல் அது. அந்தக் குழுமத்தின் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே பனப்பாக்கம் சிப்காட்டுக்குத் தைவானின் ஹாங் ஃபூ ஷூ நிறுவனம் வந்திருப்பது வேறு நோக்கத்தால். ஷூ தைக்க ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும், அவை எங்கே கட்டுப்படியான கூலிக்குக் கிடைக்கின்றனவோ அங்கே அந்தத் தொழில் நகர்ந்துகொண்டே இருக்கும். ராணிப்பேட்டையில் ஆலை வைத்திருக்கும் திருமலை கெமிக்கல்ஸ் மலேசியாவில் ஒரு துணை நிறுவனத்தை நடத்துகிறது. போவோரும் வருவோரும் ஒரே நெடுஞ்சாலையில்தான் கடந்து செல்கிறார்கள்.

இன்னொரு காரணத்தைப் பாடப்புத்தகங்கள் மெல்லிய குரலில்தான் சொல்லும்: சில சமயம் சட்டமே நம்மைத் தள்ளுகிறது. நம் பகுதியிலிருந்து ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட 'கிழக்கிந்தியத் தோல்' லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஷூவாக மாறி லாபம் சேர்ந்தது அங்கேதான். 1972இல் அமைக்கப்பட்ட சீதாராமையா குழு, பச்சைத்தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளியே போவதைக் குறைத்து, முழுமையான தோலும் தோல் பொருள்களும் போக வேண்டும் என்றது. அடுத்து வந்த கட்டுப்பாடுகளால், தோல் பதனிடும் ஆலை நடத்தும் டேனரிக்காரர்கள் எந்திரம் வாங்க வேண்டியதாயிற்று, பிறகு ஷூவின் மேற்பகுதியான 'அப்பர்' தைக்க வேண்டியதாயிற்று, பிறகு முழு ஷூ. அன்று முணுமுணுத்துக்கொண்டே ஏறிய படிகள்தான் இன்றைய ஆம்பூர்.

சரக்கு போவது மட்டும் ஏற்றுமதி என்று எண்ணிவிட வேண்டாம். 1995இல் நடைமுறைக்கு வந்த சேவை வணிகப் பொது உடன்பாடு, சேவைகள் எல்லை தாண்டும் வழிகளை நான்காகப் பிரிக்கிறது. அவற்றில் ஒன்று, வாங்குபவரே நம் நாட்டுக்கு வருவது. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்க எழுத்தில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் லாட்ஜுகளும் சாப்பாட்டுக் கடைகளும் அந்த வணிகத்தில்தான் இருக்கின்றன. வங்கதேசத்து நோயாளிக்கு அறை கொடுத்து மீன்குழம்பு பரிமாறும் கடைக்காரர் தம்மை ஏற்றுமதியாளர் என்று ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார். ஆனால் டாக்கா தூதரகத்தில் விசா சுருங்கினால் அவருடைய கல்லாப்பெட்டிதான் முதலில் சுருங்கும்.

இரண்டாம் படி: எந்த வாசல் வழியாக நுழைவது

சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹான்சன், வால்னே ஆகிய இருவர் 1977இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டார்கள். நிறுவனங்கள் ஒரே தாவலில் உலகம் முழுவதும் பரவுவதில்லை. முதலில் எப்போதாவது ஓர் ஆர்டர், பிறகு ஒரு முகவர், பிறகு சொந்த விற்பனைக் கிளை, கடைசியில் தொழிற்சாலை என்று, அனுபவம் சேரச் சேரத்தான் பணத்தை இறக்குகின்றன என்பது அதன் சாரம். இணையம் வந்தபின் பிறந்ததுமே உலகச் சந்தைக்குப் போகும் நிறுவனங்கள் உண்டு என்றாலும், சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குபவருக்கு இந்த வரிசையே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

முதல் வாசல், சொந்தமாக ஏற்றுமதி செய்யாமல், ஏற்கெனவே செய்பவருக்கு விற்பது அல்லது ஜாப் ஒர்க் செய்து கொடுப்பது. லாபம் குறைவு, ஆனால் வெளிநாட்டு பையர் எதற்காகச் சரக்கைத் திருப்பி அனுப்புவார் என்பதை அடுத்தவர் செலவில் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது, நேரடி ஏற்றுமதி. மூன்றாவது, அந்த நாட்டில் முகவரோ விநியோகஸ்தரோ வைப்பது. முகவர் கமிஷன் வாங்குபவர், விநியோகஸ்தர் சரக்கையே விலைக்கு வாங்கித் தம் பொறுப்பில் விற்பவர். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, விற்காத சரக்கு யாருடையது என்று பிறகு சண்டை போடுவோர் பலர். அடுத்து உரிமம், கூட்டு நிறுவனம், சொந்தத் துணை நிறுவனம். மேலே போகப் போகப் பிடி இறுகும், முடங்கும் பணமும் கூடும்.

உரிமம் என்றதும் ஓர் இடைச்செருகல். சீரகச் சம்பா அரிசியில் ஆக்கும் ஆம்பூர் பிரியாணியின் பெயரை ஊருக்கு வெளியே எத்தனையோ பலகைகளில் பார்க்கிறோம். அதற்காக ஆம்பூர்க் கடை எதற்கும் ஒரு பைசா வருவதில்லை. வணிகப் பெயருக்கான உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. இந்தியாவில் பதிந்த பெயர் துபாயில் உங்களுடையது ஆகாது. 2013 முதல் இந்தியா மாட்ரிட் நெறிமுறையில் இருப்பதால், ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிட்டுப் பதிவு கேட்கலாம். பெயரை விற்கும் எண்ணம் இருந்தால் சரக்குக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: பதிவுகள்

இது பயமுறுத்தும் அளவுக்குக் கடினமானதன்று. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் 500 ரூபாய் கட்டி ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடான ஐ.இ.சி. எண்ணை வாங்க வேண்டும். இப்போது அது உங்கள் பான் எண்ணேதான். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையான மாதங்களுக்குள் அதை உறுதிசெய்ய வேண்டும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும். மறந்தால் எண் செயலிழக்கும். அது தெரியவருவது கன்டெய்னர் துறைமுக வாசலில் நிற்கும் நாளில்தான். ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. சுழிய விகிதம் என்பதால், நிதியாண்டுத் தொடக்கத்திலேயே எல்.யு.டி. என்னும் உறுதிமொழிப் பத்திரத்தை இணையத்தில் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலேயே சரக்கு அனுப்பலாம். இல்லையென்றால் வரியைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். அந்நியச் செலாவணி கையாள அனுமதி பெற்ற உங்கள் வங்கிக் கிளையின் எண்ணான ஏ.டி. குறியீட்டைச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிய வேண்டும். தோல் பொருளாக இருந்தால், 1984இல் தொடங்கிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் தோல் ஏற்றுமதிக் கழகத்தில் உறுப்பினராகிச் சான்றிதழ் பெற வேண்டும்.

பழைய வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூரில், வாலாஜாவும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டையில், குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரில். மாவட்டத் தொழில் மையத்துக்கு மனு கொண்டுபோகும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிய பார்சல் அளவில் தொடங்குபவர்களுக்கு, அஞ்சல் துறை 2022இலிருந்து நடத்தும் ஏற்றுமதி மையங்கள் உதவும். இருபது ஜோடி செருப்புக்கு கன்டெய்னர் தேட வேண்டியதில்லை.

நான்காம் படி: பொருளுக்கும் நாட்டுக்கும் பொருத்தம் பார்ப்பது

ஒவ்வொரு பொருளுக்கும் உலகம் முழுவதும் பொதுவான எச்.எஸ். குறியீடு உண்டு. பதனிட்ட தோல் 41ஆம் அத்தியாயம், பை பெல்ட் வகைகள் 42, காலணிகள் 64. தோல் மேற்பகுதி கொண்ட ஷூ 6403, தனி அப்பர் 6406. இந்த எண் தெரிந்தால்தான் எந்த நாட்டில் எவ்வளவு வரி என்று பார்க்க முடியும். அமீரகத்தோடு செய்த வணிக ஒப்பந்தம் 2022 மே 1 முதலும், ஆஸ்திரேலியாவோடு செய்தது அதே ஆண்டு டிசம்பர் 29 முதலும் நடப்பில் உள்ளன; பிறப்பிடச் சான்றிதழ் இணைத்தால் உங்கள் பையர் வரிச்சலுகை கேட்கலாம். சான்றிதழ் இல்லாமல் சரக்கு போய்ச் சேர்ந்தால், ஒப்பந்தம் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

வரியைவிடத் தரவிதிதான் நம் ஊரைப் பல தடவை உலுக்கியிருக்கிறது. தோல் பூசணம் பிடிக்காமல் இருக்கப் பயன்பட்ட பி.சி.பி. என்னும் வேதிப்பொருளை ஜெர்மனி 1989இன் கடைசியில் தடை செய்தபோது, கப்பலேறவிருந்த சரக்கெல்லாம் கேள்விக்குறியானது. பிறகு சில அசோ சாயங்களின் முறை. 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உடலில் படும் தோல் பொருளில் ஆறாம் இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டக் கூடாது. இதில் ஒரு நுட்பம் உண்டு. குரோம் உப்பில் பதனிட்ட தோல் டேனரியை விட்டு நல்ல தோலாகவே வெளியேறலாம். வழியில் சூடும் வெளிச்சமும் படும்போது, பதனீட்டில் குறை இருந்தால், தீங்கற்ற குரோமியமே தீங்கான வடிவத்துக்கு மாறிவிடும். எனவே டேனரியில் எடுத்த சோதனை அறிக்கை போதாது. சூடேற்றி முதுமைப்படுத்திய மாதிரியின் மேல் செய்த சோதனையைக் கேளுங்கள்.

மழைக்காலத்தில் பெட்டியில் அடைத்த ஷூ நாலைந்து வாரம் கடலில் கிடந்தால் உள்லைனிங்கில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூக்கும். அதைத் தடுக்க ஒரு காலத்தில் டைமெத்தில் ஃப்யூமரேட் அடைத்த சிறு பொட்டலத்தைப் பெட்டிக்குள் போட்டார்கள். அது தோலில் பட்டு அரிப்பும் புண்ணும் வந்ததால் ஐரோப்பா 2009இல் தடை செய்தது. இன்றும் பெட்டிக்குள் ஏதாவது பொட்டலம் போடும் முன், அதற்குள் என்ன இருக்கிறது என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நாங்கள் செய்த எளிய ஏற்பாடு, ஷூவை இரண்டு நாள் கூடுதலாகக் காற்றாட வைத்துவிட்டு, அட்டைப்பெட்டி ஈரமில்லாமல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தபின் அடைப்பதுதான்.

இதே வரிசையில் சுற்றுச்சூழலும் வரும். பாலாற்று மாசு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில், மாசு செய்பவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அன்று அது உள்ளூர் விவகாரமாகத் தெரிந்தது. இன்று பெரிய பையர்கள் டேனரியின் கழிவுநீர்க் கணக்கையும் தணிக்கைச் சான்றையும் பார்த்த பிறகுதான் விலை பேச உட்காருகிறார்கள்.

ஐந்தாம் படி: விலை சொல்வது

இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற தொகுப்பில் 11 விநியோக விதிகள் உள்ளன. எஃப்.ஓ.பி. சென்னை என்றால் கப்பலில் ஏற்றும் வரை செலவும் பொறுப்பும் உங்களுடையவை; சி.ஐ.எஃப். என்றால் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேரும். டி.டி.பி. என்றால் பையர் வாசல் வரை, அவர் நாட்டு இறக்குமதி வரி உள்பட எல்லாம் உங்கள் தலையில். புதியவர்கள் டி.டி.பி.க்கு ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

நாணய மாற்றத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். ஒரு ஜோடி ஷூவுக்கு அடக்கம் 1,650 ரூபாய். 20 டாலருக்கு ஒப்புக்கொண்டீர்கள். அன்று டாலர் 88 ரூபாய் என்றால் வரவு 1,760, லாபம் 110. மூன்று மாதம் கழித்துப் பணம் வரும் நாளில் டாலர் 85 ஆகியிருந்தால் வரவு 1,700, லாபம் 50. மூன்று ரூபாய் அசைவு லாபத்தில் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. வங்கியில் முன்கூட்டியே விலை உறுதி செய்துகொள்ளும் ஃபார்வர்டு ஒப்பந்தம் இதற்காகத்தான் இருக்கிறது. டாலர் ஏறும் என்று காத்திருப்பது வேறொரு தொழில். அதைச் செய்ய ஷூ தைக்க வேண்டிய அவசியமில்லை.

ஆறாம் படி: பணம் வாங்குவது

இங்கேதான் முகம் தெரியாமை முழு உருவத்தோடு வந்து நிற்கும். முன்பணம் கிடைத்தால் விற்பவருக்கு நிம்மதி. சரக்கு சேர்ந்து அறுபது நாள் கழித்துப் பணம் என்றால் வாங்குபவருக்கு நிம்மதி. நடுவில் இருப்பது எல்.சி. என்னும் கடனுறுதிக் கடிதம். பையரின் வங்கி, குறிப்பிட்ட ஆவணங்களைச் சரியாகக் கொடுத்தால் பணம் தருவதாக வாக்குக் கொடுக்கிறது. சரக்கு எப்படி இருக்கிறது என்று வங்கி பார்ப்பதில்லை. தாளை மட்டும்தான் பார்க்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது சுகமான முறையில் அன்று. ஒரு நவம்பரில் விடாத மழை; சோல் வர வேண்டிய லாரி இரண்டு நாள் தாமதம்; தையல் பிரிவு இரவு பகலாக ஓடியும், கன்டெய்னர் கப்பலேறியது டிசம்பர் 2ஆம் தேதி. எல்.சி.யில் ஏற்றுமதிக்கான கடைசித் தேதி நவம்பர் 30. சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் கப்பலேறிய தேதி அச்சாகிவிட்டது. கெடு நெருங்கியபோதே பையருக்கு எழுதித் திருத்தம் வாங்கியிருக்க வேண்டும். இரண்டு நாள்தானே என்று இருந்துவிட்டேன். வங்கி 'முரண்பாடு' என்று குறித்து, அதற்கான கட்டணத்தையும் பிடித்துக்கொண்டு, பையரின் ஒப்புதல் கேட்டது. சரக்கு நடுக்கடலில், திருப்பிக் கொண்டுவந்தால் அடக்கம்கூடத் தேறாது. பையர் மிக மரியாதையான ஒரு கடிதத்தில் விலையில் நாலு விழுக்காடு தள்ளுபடி கேட்டார். கொடுத்தோம்.

அதன்பின் எங்கள் மேசையில் ஒரு வழக்கம் வந்தது. எல்.சி. கைக்கு வந்த அன்றே ஒருவர் அதை உரக்கப் படிக்க, மற்றொருவர் ஒவ்வொரு நிபந்தனையையும் நம்மால் முடியுமா என்று ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும். முடியாதது எதுவாக இருந்தாலும் தோல் வெட்டும் முன்பே திருத்தம் கேட்க வேண்டும். எல்.சி.யில் மாட்டுத்தோல் என்று இருக்க, இன்வாய்ஸில் எருமைத்தோல் என்று எழுதியதை இப்படித்தான் ஒருமுறை பிடித்தோம். யு.சி.பி. 600 என்ற பன்னாட்டு விதிப்படி, பில் ஆஃப் லேடிங் போன்ற மூலப் போக்குவரத்து ஆவணம் உள்ள இடங்களில், சரக்கு ஏறிய 21 நாளுக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும், எல்.சி.யின் ஆயுளும் அதற்குள் முடிந்திருக்கக் கூடாது. வங்கிக்குச் சரிபார்க்க 5 வங்கி நாள்கள்.

எல்.சி. இல்லாமல் கடனுக்கு விற்றால், 1957இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யிடம் காப்பீடு எடுங்கள். பையர் திவாலானாலும் பெரும்பகுதி திரும்பும். பழைய பையர்தானே என்று காப்பீட்டை விடுவதுதான் வழக்கமான தவறு. புதியவரிடம் நாம் உஷாராக இருப்போம், கவிழ்ப்பது பெரும்பாலும் பழகியவர்தான். வர வேண்டிய பணத்தை ரிசர்வ் வங்கி குறித்த கெடுவுக்குள் கொண்டுவராவிட்டால் சுங்கத்தில் தாக்கல் செய்த ஏற்றுமதி ஆவணமான அந்த ஷிப்பிங் பில் வங்கிக் கணினியில் நிலுவையாக நின்று, அடுத்த ஏற்றுமதியையும் இழுத்துப் பிடிக்கும்.

ஏழாம் படி: ஒரே சந்தையில் தங்கிவிடாமல் இருப்பது

2025 ஆகஸ்டு கடைசியில் அமெரிக்கா பல இந்தியப் பொருள்களின் மேல் கூடுதல் வரியை 50 விழுக்காடு வரை உயர்த்தியபோது, அந்த ஒரு நாட்டை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு மாற்று வழி தேட நேரம் இருக்கவில்லை. மூன்று நாட்டுக்கு அனுப்புவது மும்மடங்கு வேலை. கால் அளவு வேறு, அச்சு வேறு, லேபிள் வேறு. ஆனாலும் விற்பனையில் பாதிக்கு மேல் ஒரு பையரிடம் சேர்ந்துவிட்டால் அவர் பையராக இருப்பதை நிறுத்தி முதலாளியாகிவிடுகிறார் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் படி: அங்கே போய் உட்காருவது, எழுந்து வருவது

விற்பனை நிலைத்தபின் அந்த நாட்டில் கிளையோ துணை நிறுவனமோ தொடங்க நினைப்பவர்களுக்கு 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள் பொருந்தும். பொதுவாக, நிறுவனத்தின் நிகரமதிப்பை (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) போல நான்கு மடங்கு வரை தானியங்கி வழியில் முதலீடு செய்யலாம். வங்கி வழியாக விண்ணப்பித்துத் தனி அடையாள எண் பெற்ற பிறகே பணம் அனுப்ப வேண்டும். பிறகு ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் செயல்பாட்டு அறிக்கை தர வேண்டும். அந்தத் துணை நிறுவனத்துக்குத் தாய்க் கம்பெனி கொடுக்கும் வங்கி உத்தரவாதமும் அந்த நான்கு மடங்குக்குள் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

போகும் வழியைப் போலவே திரும்பும் வழியையும் முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விநியோகஸ்தரை எத்தனை நாள் அறிவிப்பில் நீக்கலாம், கையிருப்புச் சரக்கை யார் எந்த விலைக்கு எடுத்துக்கொள்வது, அச்சும் டிசைனும் யாருக்குச் சொந்தம், வழக்கு எந்த ஊரில் என்பவை அதில் இருக்க வேண்டும். 1995இல் இந்தியாவுக்கு மீண்டும் வந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சென்னையருகே மறைமலைநகரில் இருந்த ஆலையை விற்றுவிடாமல் கையில் வைத்திருந்ததால், 2024இல் அதே இடத்தில் ஏற்றுமதிக்காக மீண்டும் உற்பத்தி செய்ய விருப்பம் தெரிவித்துத் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுக்க அதனால் முடிந்தது.